குக்கரில் அவித்த காளான் விதை ஏன் புளித்துப்போகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். இரண்டு வருஷமாகச் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். விதையை (காளான் இழை படர்ந்த தானியம்) விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று நானே சோளத்தில் தயார் செய்தேன். சோளத்தை அரை வேக்காடு வேகவைத்து, பையில் அடைத்து, கேஜ் (அழுத்தம் காட்டும் முள்) வைத்த பெரிய குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் 45 நிமிஷம் அவித்தேன். அடுப்பைப் பற்றவைத்ததுமே வால்வை மூடிவிடுவேன். மூன்றாம் நாளே சோளம் கொழகொழவென்று ஆகி, புளிச்ச நாற்றம் அடிக்கிறது. அழுத்தத்தை இன்னும் கூட்டினால் கிருமி சாகுமா? சூடு பட்டால் கிருமி முளைக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அது உண்மையா?

பதில்: வணக்கம் அம்மா. பற்றவைத்ததுமே வால்வை மூடுகிறேன் என்கிறீர்களே, கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

உங்கள் சோளத்தைக் கெடுத்தது பூசணம் இல்லை. பூசணம் என்றால் பச்சையாகவோ கறுப்பாகவோ பொடி பூத்திருக்கும். ஈரம் கசிந்து, சாம்பல் நிறத்தில் வழவழத்து, புளிச்ச வாடை வந்தால் அது பாசில்லஸ் வகைப் பாக்டீரியா. மண், தூசி, சோளத்தின் தோல் என்று எங்கும் இருப்பதுதான். தீனி தீர்ந்துபோனால் இது தன் உடம்பில் உள்ள தண்ணீரைப் பெரும்பாலும் வெளியேற்றி, கெட்டியான கூட்டுக்குள் அடங்கிவிடும். அதைத்தான் ஸ்போர் என்கிறோம். காய்ந்த விதைநெல் மாதிரி வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டாலும் பல ஸ்போர்கள் சாகாது.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது பாதி சரி. 60 முதல் 80 டிகிரிச் சூடு கொஞ்ச நேரம் பட்டால் ஸ்போரின் உறக்கம் கலையும். பிறகு ஆறி, ஈரமும் சோளத்திலிருந்து கசியும் சத்தும் கிடைத்ததும் முளைத்துவிடும். அரைகுறையாக அவித்த பையில் நடப்பது இதுதான். போட்டிக்கு இருந்த மற்ற நுண்ணுயிர்கள் செத்துப்போயின, ஸ்போர் விழித்துக்கொண்டது, சாப்பாடும் வெந்து தயாராக இருக்கிறது!

அழுத்தத்துக்கு வருவோம். குக்கரில் கிருமியைக் கொல்வது அழுத்தம் அல்ல, நீராவியின் சூடு. 15 பவுண்டு என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தோடு இன்னொரு மடங்கு, அவ்வளவுதான். பழச்சாறு ஆலைகளில் 6,000 மடங்கு வரை அழுத்துகிறார்கள், அதற்கே ஸ்போர் சாகாது. சாறு புளிப்பாக இருப்பதால் அங்கே அது முளைக்காமல் கிடக்கிறது. இதில் வேடிக்கை, ஆயிரம் இரண்டாயிரம் மடங்கு அழுத்தம் கொடுத்தால் சூடே இல்லாமல் ஸ்போர் விழித்துக்கொள்ளும். உங்கள் குக்கரில் அழுத்தத்துக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்று: 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரை 121 டிகிரி வரை கொண்டுபோவது.

அதுவும் உள்ளே நீராவி மட்டும் இருந்தால்தான். காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் 15 பவுண்டில் 121 டிகிரி. பாதிக் காற்று தங்கிவிட்டால் 112தான். காற்றே வெளியேறாவிட்டால் 100. மூன்றிலும் கேஜ் முள் 15லேயேதான் நிற்கும்! நீங்கள் முள்ளைப் பார்த்து நேரம் எண்ணியிருக்கிறீர்கள், பையின் நடுவில் இருந்த சோளமோ 110ஐக்கூடத் தொட்டிருக்காது.

ஆகவே வால்வைத் திறந்தே வைத்து அடுப்பைப் பற்றவையுங்கள். ஆவி விட்டு விட்டு வருவது நின்று, கம்பி மாதிரி ஒரே சீராகச் சீறத் தொடங்கிய பிறகு 10 நிமிஷம் விடுங்கள். அப்புறம் மூடுங்கள். முள் 15 தொட்ட பிறகுதான் கணக்கு ஆரம்பம். ஒரு கிலோ பைக்கு 45 நிமிஷம் போதாது, இரண்டு மணி நேரம் வையுங்கள். அவ்வளவு நேரத்துக்கும் தண்ணீர் தாங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பைகளைத் திணிக்காமல், அடியில் தட்டு வைத்து, நடுவே ஆவி போக இடம் விட்டு அடுக்குங்கள். பஞ்சு அடைப்பின் மேல் காகிதம் கட்டுங்கள், நனைந்த பஞ்சு வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். குக்கரின் அளவை மீறி அழுத்தம் ஏற்ற வேண்டாம். முள் தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை மூடியைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு தந்திரம் உண்டு. லண்டனில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி 1877இல் உலர்புல் ஊறிய நீரை வைத்துக் கண்டது: ஒரே தடவை நெடுநேரம் கொதிக்கவைத்தும் கெட்டுப்போன நீர், இடைவெளி விட்டு விட்டுக் கொதிக்கவைத்தபோது கெடவில்லை. இடைவெளியில் ஸ்போர் முளைக்கிறது. முளைத்துவிட்டால் 80 டிகிரியைக்கூட அது தாங்காது. நமக்கு அதை மூன்று நாள் செய்துகொண்டிருக்க முடியாது. அதற்குப் பதில் சோளத்தைக் கழுவி இரவு முழுக்க ஊறவையுங்கள். பல ஸ்போர்கள் அதிலேயே முளைத்துவிடும். காலையில் தண்ணீரை மாற்றி வேகவையுங்கள். நம் வெயிலில் 12 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் புளிக்கும். முளைக்காமல் ஏமாற்றும் ஸ்போரும் உண்டு என்பதால் இதை நம்பி குக்கர் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

வேகும்போது சோளம் வெடிக்கக் கூடாது. நகத்தால் அழுத்தினால் நசுங்க வேண்டும், மாவு பிதுங்கக் கூடாது. சாக்கில் பரப்பி ஆறவிட்டு, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் இன்னும் உலர வேண்டும். கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து அடையுங்கள்.

காளான் படுக்கைக்கு வைக்கோலை வெந்நீரில் போட்டு எடுத்தாலே போதுமே, சோளத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு என்று தோன்றலாம். வைக்கோலில் பாக்டீரியாவுக்கு எளிதில் கிடைக்கும் சத்து குறைவு, காளான் இழை முந்திக்கொள்ளும். சோளம் அப்படி இல்லை.

அடுத்த முறை அவித்ததும் இரண்டு பைகளில் தாய் வித்து (விதை தயாரிக்கச் சோளத்தில் சேர்க்கும் காளான் இழை) போடாமல் தனியே வையுங்கள். ஐந்து நாளில் அவையும் புளித்தால் சூடு இன்னும் போதவில்லை. அவை நன்றாக இருந்து மற்றவை மட்டும் கெட்டால் தாய் வித்தையும் அதைப் போடும் இடத்தையும் சந்தேகப்படுங்கள். இப்போது கெட்டுப்போன பைகளைக் காளான் குடிலுக்குள் பிரிக்க வேண்டாம், அப்படியே ஒருமுறை அவித்துவிட்டு எருக்குழியில் போடுங்கள்.