கணிதத்தில் ‘சி’ எடுத்தவள் கணக்காளராகலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

சாதாரண தரத்தில் மகளுக்குக் கணிதத்தில் ‘சி’தான் கிடைத்தது, உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவுக்கு விட்டால் கணக்கீட்டில் தடுமாறுவாளா என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் எங்கள் ஊர்ப் பேச்சு. கணிதமும் ‘கணக்கு’, கடைக் கொப்பியும் ‘கணக்கு’. கணக்கீட்டுக்கு வேண்டிய கணிதம் பெரும்பாலும் கூட்டல், கழித்தல், விகிதம், சதவீதத்தோடு முடிந்துவிடும். அதையும் இப்போது கணினி பார்த்துக்கொள்கிறது.

பரீட்சை மீதி, அதாவது வரவு மீதிகளின் கூட்டுத்தொகையும் செலவு மீதிகளின் கூட்டுத்தொகையும் சமமா என்று பார்க்கும் பட்டியல், 270 ரூபாயால் பொருந்தவில்லை என்று வையுங்கள். ஒரு பிள்ளை மேலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கூட்டும். இன்னொரு பிள்ளை, 270 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதே, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் அப்படித்தானே வகுபடும், எங்கோ மாறியிருக்குமோ என்று சந்தேகித்து, 4,520 என்பது 4,250 என்று பதியப்பட்டிருப்பதைப் பிடித்துவிடும். எனக்கு வேண்டியது அந்தச் சந்தேகம்.

பொருந்திய கணக்கிலும் அது வேண்டும். கடையின் பாவனைக்கென்று 185,000 ரூபாய்க்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டியைச் சரக்குக் கொள்வனவில் எழுதிவிட்டால், பரீட்சை மீதி அழகாகப் பொருந்தும். சொத்து செலவாகி, இலாபம் குறைந்து தெரியும். பாடப்புத்தகம் இதைத் தத்துவ வழு என்கிறது. லூக்கா பசியோலி 1494இல் வெனிசில் இரட்டைப் பதிவை, அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் வரவு, செலவு என இரு பக்கமும் எழுதும் முறையை, அச்சில் விளக்கிய நாளிலிருந்து இந்த ஓட்டை இருக்கிறது. “இது எதற்கு வாங்கியது?” என்று ஒருவர் கேட்டால்தான் அடைபடும்.

கேட்பதில்தான் எங்கள் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். ஒரு நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்க்கக் கணக்காய்வுக்குப் போகும் 21 வயதுப் பெண், களஞ்சியத்தில் தலை நரைத்தவரிடம், “ஐயா, அந்தப் பின்வரிசைப் பெட்டியையும் ஒருமுறை திறந்து காட்டுங்கள்” என்று சொல்ல வேண்டியிருக்கும். பெரியவர்களைத் திருப்பிக் கேட்காதே என்று வளர்த்தது நாங்கள்தான். பணிவு குறையாமல் விடாப்பிடியாக நிற்பது பழகி வருவது, வீட்டிலேயே பழக்கலாம்.

ஆங்கிலத்தை இப்போதே தொடங்கட்டும். பட்டயக் கணக்காளர் போன்ற தொழில்சார் பரீட்சைகளில் மேலே போகப் போக அது இல்லாமல் முடியாது. கண்ட குறையை முகாமைக்கு நாலு வரியில் விளங்க எழுதவும் தெரிய வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடமா, தொழில்சார் பரீட்சைகளா, இரண்டுமா என்பதைப் பிறகு பேசலாம்.

அவளுடைய மாமாவுக்குக் கடை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு மாதம் அங்கே காசேட்டை, அதாவது பணம் வந்ததையும் போனதையும் எழுதும் கொப்பியை, அவள் எழுதட்டும். மாத முடிவில் வங்கிக் கூற்று வந்ததும் இரண்டையும் அருகில் வைத்துப் பார்க்கட்டும். கொடுத்த காசோலை இன்னும் மாற்றப்படாமல் இருக்கும். வங்கி தன்பாட்டில் கழித்த கட்டணம் காசேட்டில் இராது. மீதிகள் பொருந்தாதபோது எரிச்சலில் எழும்பிப் போகிறாளா, சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் தேடுகிறாளா என்று கவனியுங்கள். பிறகு இருவருமாக வாருங்கள். அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.