புகைக்குள்ள சூரியன் ஏன் செப்புக்காசு மாதிரி தெரியுது?

கேள்வி: காட்டுத்தீ வீடியோல பட்டப்பகல்லயே வானம் ஆரஞ்சா இருக்கு, சூரியன் செப்புக்காசு மாதிரி தெரியுது. மேகம் மறைச்சா மட்டும் இந்த கலர் ஏன் வர்றதில்ல?

பதில்: எல்லாம் சைஸ் பண்ற வேலைங்க. மேகத்துல இருக்கற நீர்த்துளி சுமாரா 10, 20 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதுக்கு நீலமும் ஒண்ணுதான் சிவப்பும் ஒண்ணுதான், எல்லாத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதான் வெள்ளையாவோ சாம்பலாவோ தெரியுது. புகைத்துகள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழ. கண்ணுக்குத் தெரியற ஒளியோட அலைநீளம் 0.4ல இருந்து 0.7 மைக்ரான். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கறதால அலைநீளம் கம்மியான நீலம்தான் அதிகமா அடி வாங்கி நாலாபக்கமும் சிதறுது, சிவப்பு ஓரளவு தப்பிச்சு நேரா வந்து சேந்துடுது.

வீட்லயே பாக்கலாம், ஒரு ஊதுபத்திய கொளுத்தி பின்னாடி கறுப்புத் துணிய வச்சு பக்கவாட்டுல லைட் அடிச்சுப் பாருங்க, புகை லேசா நீலமா தெரியும். அதே புகை வழியா பல்பப் பாருங்க, பழுப்பா தெரியும். முதல்ல பாத்தது சிதறின ஒளி, ரெண்டாவது பாத்தது சிதறினது போக மிச்சம் வந்த ஒளி.

அப்ப சிதறின நீலம் வானத்துலதானே இருக்கணும், வானம் ஏன் ஆரஞ்சுன்னு அடுத்து கேப்பீங்க. நியாயமான கேள்வி. புகை மெல்லிசா இருந்தா ஒளி ஒரு தடவை சிதறும், அடர்த்தியா இருந்தா திரும்பத் திரும்ப சிதறும், ஒவ்வொரு தடவையும் நீலத்துல கொஞ்சம் மேல விண்வெளிக்கே திரும்பிப் போயிடும். போதாததுக்கு புகைல இருக்கற பழுப்புக் கார்பன் நீலத்தையும் புற ஊதாவையும் முழுங்கிடும், கரிப்புகை எல்லா கலரையும் முழுங்கும். கலிஃபோர்னியா காட்டுத்தீ புகைல 2020 செப்டம்பர் 9 அன்னைக்கு சான் பிரான்சிஸ்கோ வானம் பட்டப்பகல்ல ஆரஞ்சா மாறினது இப்படித்தான். அன்னைக்கு எடுத்த போட்டோ நிறைய பேர் போன்ல சாதாரண சாம்பல் வானமா வந்துச்சு, ஏன்னா கேமரா இவ்ளோ ஆரஞ்சு இருக்க வாய்ப்பில்லன்னு நெனச்சு கலர தானே 'திருத்திடுச்சு'.

இன்னொண்ணு, மங்கலா இருக்கேன்னு சூரியன உத்துப் பாக்காதீங்க, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு புகைய சுலபமா தாண்டி வரும்.

கேள்வி: புகை இருந்தா சோலார் பேனல் சுத்தமா படுத்துடுமா?

பதில்: சுத்தமா படுக்காது, ஆனா அடி வாங்கும். புகையோட தடிமனை ஒளியியல் ஆழம்னு ஒரு எண்ல சொல்லுவாங்க. அது 1 இருந்தா, சூரியன் உச்சில இருக்கும்போதே நேரா வர்ற ஒளில 37 சதவீதம்தான் தரைக்கு வரும், 2 ஆனா 14, 3 ஆனா வெறும் 5. கேக்க பயமா இருக்கும், ஆனா இதெல்லாம் நேர்க்கதிரோட கணக்கு மட்டும்தான். சிதறின ஒளில பெரும்பங்கு முன்பக்கமா கீழ நோக்கித்தான் போகும், அதுவும் தரைக்கு வந்து சேரும், அதனால மொத்த ஒளி இவ்ளோ மோசமா குறையாது. நிழலப் பாத்தாலே தெரிஞ்சுடும், வெள்ளைப் பேப்பர் மேல கைய நீட்டுங்க, புகை ஏற ஏற நிழல் வெளிறி கடைசில கை இருக்கறதே பேப்பருக்குத் தெரியாது, ஆனா பேப்பர படிக்கற அளவுக்கு வெளிச்சம் இருக்கும்.

சாதாரண பேனல் சிதறின ஒளியையும் கரண்டாக்கும். கண்ணாடி வச்சு ஒளிய ஒரே இடத்துல குவிக்கிற மின் நிலையத்துக்குத்தான் பெரிய நஷ்டம், அதுக்கு நேர்க்கதிர் வேணும். 2020 செப்டம்பர் முதல் ரெண்டு வாரத்துல அந்தக் காட்டுத்தீ சமயத்துல கலிஃபோர்னியா மின் கிரிட்ல சோலார் உற்பத்தி அந்த வருஷ ஜூலை சராசரிய விட கிட்டத்தட்ட 30 சதவீதம் கீழ போச்சு. (செப்டம்பர்ல வெயில் இயல்பாவே கொஞ்சம் இறங்கும், பழி முழுசையும் புகை மேல போட முடியாது.)

கேள்வி: அப்ப செடிக்கும் கெடுதல்தானே?

பதில்: லேசான புகைன்னா நல்லது கூட நடக்கலாம். நேர் வெயில் மேல் இலைல மட்டும் கொட்டும், அதுக்கு வேண்டியதுக்கும் மேல. சிதறின ஒளி சைடுலயும் நுழைஞ்சு அடி இலைக்கும் போகும். புகை கெட்டியாச்சுன்னா இந்த லாபம் போயிடும், அப்ப மொத்த ஒளியே பத்தாது.

கேள்வி: சூரியன் நீலமா தெரிஞ்சதா சொல்றாங்களே, டூப்பா?

பதில்: டூப் இல்ல. 1950 செப்டம்பர்ல மேற்கு கனடா காட்டுத்தீ புகை அட்லாண்டிக் தாண்டி வந்து ஸ்காட்லாந்துல சூரியன் நீலமா தெரிஞ்சுது. துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சைஸ்ல, 1 மைக்ரானுக்குப் பக்கத்துல இருந்தா கதை தலைகீழாயிடும், சிவப்பு அதிகமா சிதறி நீலம் நேரா வரும். சாதாரண புகைல பொடிசும் பெருசும் கலந்தே இருக்கறதால இது அபூர்வம்.