குன்னூர் மழையும் கூடத்து விளக்கும்

கேள்வி: கணவரின் வேலை மாற்றலால் மதுரையிலிருந்து குன்னூருக்கு வந்தோம். இங்கே இது எங்களுக்கு முதல் ஐப்பசி. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிடுகிறது. கூடத்தில் டியூப் லைட்டைப் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது. அணைத்தால் மாமியாருக்குக் கண் தெரியவில்லை. வாடகை வீடு, ஆணி அடிக்க அனுமதி இல்லை. இதமான வெளிச்சத்துக்கு என்ன செய்யலாம்? கணப்புச் சட்டி வைத்தால் கதகதப்பும் சேர்ந்து கிடைக்குமா?
வாசகி, குன்னூர்

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கணப்புச் சட்டி வேண்டவே வேண்டாம். கதவு ஜன்னலை அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

இனி விளக்குக்கு வருவோம். டியூப் லைட் வந்த அட்டைப் பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். அநேகமாக 6500 கே என்று அச்சிட்டிருக்கும். கே என்றால் கெல்வின், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு. எண் கூடக்கூட வெளிச்சம் நீலம் பாய்ந்து வெளிறும். குறையக் குறைய மஞ்சள் ஏறும். நம் பழைய குண்டு பல்ப் ஏறக்குறைய 2700. மதுரை வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வெள்ளை வெளிச்சம் உங்களுக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்கும். குன்னூர் மூடுபனியில் அதுவே நடுக்கத்தைக் கூட்டுகிறது. கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு, 2700 அல்லது 3000 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நிறம் மாறினால் பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதி, விளக்கு இருக்கும் உயரம். பழைய வீடுகளில் விளக்கு சுவரில் குடைந்த மாடத்தில் இருந்தது; குத்துவிளக்கு தரையில் நின்றது. வெளிச்சம் பக்கவாட்டில் வந்து முகத்தைத் தொட்டது. இன்று உச்சந்தலைக்கு மேலிருந்து கொட்டுகிறது. கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லோரும் களைத்துத் தெரிகிறோம். கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகலை ஏற்றிவிட்டு, பக்கத்தில் குந்தியிருக்கும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அந்த வெளிச்சத்தைத்தான் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு ஆணி தேவையில்லை. 5 வாட் பல்ப் போட்ட மேசை விளக்குகள் இரண்டு போதும். ஒன்றை மூலையில் ஸ்டூல் மேல் வைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள். பல்ப் கண்ணில் படக்கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் இதமானது. பரணில் பித்தளைத் தாம்பாளம் கிடந்தால் புளி போட்டுத் தேய்த்து, மற்ற விளக்குக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். அந்தச் சின்ன பல்பின் ஒளி தேன் நிறத்தில் அறைக்குள் பரவும். பொழுது சாய்ந்ததும் திரையை இழுத்துவிடுங்கள். இருட்டிய ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விழுங்கிவிடும், வெளிர்நிறத் துணி திருப்பித் தரும்.

மாமியார் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. வயதான கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், தோளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தில் விழும்படி 9 வாட் மஞ்சள் விளக்கு ஒன்றை வையுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சமையலறை டியூப் லைட் அப்படியே இருக்கட்டும். காய் நறுக்க அதுதான் சரி.

ஈரம் ஏறும் சுவரோரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். ஒரு மரப்பலகை மேல் வையுங்கள்.