பன்றிக்காய்ச்சல் பரவாமல் தடுக்க: கேள்வி பதில்

கே (பள்ளி ஆசிரியை): நாலாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு எச்1என்1 (பன்றிக்காய்ச்சல்) உறுதியாகியிருக்கிறது. பள்ளியை மூடணுமா?

ப: மூடினால் அதே பிள்ளைகள் டியூஷனிலும் தெருவிலும் கூடுவார்கள். காய்ச்சலோடு வரும் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் முதல் வேலை. காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தின நாளே கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். சின்னப் பிள்ளைகளிடமிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் பரவலாம். அதனால் அந்த இருவருக்கும் குறைந்தது ஏழு நாள் லீவு கொடுங்கள். அதன் பிறகும், பாரசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் வகுப்பு. காலையில் ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிற பெற்றோரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மதியம் வரை உடம்பு சுடாது, ஆனால் பரவுவது நிற்காது. ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். ஒரே டம்ளரில் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டாம். ஒரே வகுப்பில் நாலைந்து பேர் காய்ச்சலென்று சேர்ந்தாற்போல் லீவு போட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

கே: லேசான காய்ச்சல், இருமல். டெஸ்ட் எடுக்கணுமா?

ப: வேண்டாம். அரசு வழிகாட்டுதலில் இது 'ஏ' பிரிவு. வீட்டில் ஓய்வு போதும், இந்தக் கிருமிக்கான மருந்தான ஒசல்டாமிவிரும் தேவையில்லை. கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தால் 'பி'. கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்டவர்கள், 65 தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோயாளிகள் லேசான காய்ச்சல் என்றாலும் 'பி'தான்; அவர்கள் இரண்டு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்து மருந்தைத் தொடங்குவது நல்லது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், நகம் நீலம்பாய்தல், மயக்கம் இருந்தால் 'சி'. உடனே ஆஸ்பத்திரி, பரிசோதனை அங்கே எடுப்பார்கள்.

கே: எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி மனு கொடுக்கிறோம். சரிதானே?

ப: மனுவை மிச்சப்படுத்துங்கள். இது இருமல், தும்மல், கை வழியாகப் பரவுவது. ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டை யாரும் தொட்டுவிட்டு மூக்கைத் தேய்ப்பதில்லை.

கே (அவரே): அப்படியானால் ஏன் வருடாவருடம் தூவுகிறார்கள்?

ப: கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால். அதே பவுடரை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பயனுண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கரைத்து, தெளிந்த நீரைத் துணியில் நனைத்துக் கதவுக் கைப்பிடி, ஸ்விட்ச், மாடிப்படிக் கம்பி, கழிப்பறைக் குழாய் எல்லாம் துடையுங்கள். வழவழப்பான பரப்பில் இந்தக் கிருமி ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். பத்து நிமிடம் விட்டு, இரும்பு துருப்பிடிக்காதபடி வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

கே (இன்னொருவர்): ஜனங்களுக்கு ஒரு தைரியத்துக்காகவாவது தூவட்டுமே, சார்?

ப: அந்தத் தைரியத்தில்தான் காய்ச்சலோடு கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள். அந்தச் செலவில் பேருந்து நிலையக் குழாயடியில் சோப்பு வைக்கலாம்.

கே: பன்றிக்கறி சாப்பிடலாமா?

ப: நன்றாக வெந்திருந்தால் தாராளமாக.

கே: வீட்டில் ஒரே அறைதான். அப்பாவுக்கு வந்துவிட்டது.

ப: ஜன்னலோரம் அவருக்குப் படுக்கை, மற்றவர்கள் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. முகக்கவசத்தை முதலில் அவருக்குப் போடுங்கள். ஈரமானால் மாற்ற வேண்டும். முன்பக்கத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துக் கழற்றி, மூடிய குப்பைத்தொட்டியில் போட்டுக் கை கழுவுங்கள். ஒருவர் மட்டும் கவனித்தால் போதும், அவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது.

கே: ஆறு மாதக் கர்ப்பம். தடுப்பூசி போடலாமா?

ப: எந்த மாதத்திலும் போடலாம். வருடாந்திர ஃப்ளூ ஊசியிலேயே எச்1என்1 சேர்ந்திருக்கிறது. பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

கே: கற்பூரம், ஏலக்காய் முடிந்து குழந்தை கழுத்தில் கட்டலாமா?

ப: வேண்டாம். பலனும் இல்லை, குழந்தை கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

கே: மூக்கு ஒழுகுகிறது, டெஸ்ட் எடுக்கணுமா?

ப: இரண்டாவது பதில்.

கே: மகனுக்கு ஒசல்டாமிவிர் எத்தனை மில்லி?

ப: எடையைப் பார்த்து மருத்துவர் எழுதுவார். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மாத்திரை போட்டுப் பள்ளிக்கும் அனுப்பாதீர்கள்.

கே: சளி மட்டும்தான், எதற்கும் ஒரு டெஸ்ட்...

ப: மேலே படியுங்கள், ஐயா.