வன்னியில் இருந்துகொண்டு வெப் அப்ளிகேஷன் செய்யப் படிக்க எந்தக் கோர்ஸ் நல்லது?

உயர்தரம் முடித்துவிட்டு முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறீர்கள், மூன்று மாத ஃபுல் ஸ்டாக் (திரையில் தெரியும் பக்கமும் பின்னால் ஓடும் சேர்வரும் சேர்த்துப் படிப்பது) கோர்ஸ் ஒன்றுக்குக் காசு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டினவன். அதனால் சொல்கிறேன்.

என் வீடு விசுவமடு. பரந்தனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கிளிநொச்சிக்கு இன்னொன்று. அப்படி மூன்று மாதம் ஒரு தனியார் நிலையத்துக்கு அலைந்தேன். அப்பா நெல் விற்ற காசு. ஆசிரியர் திரையில் அடிப்பார், நாங்கள் பார்த்து அடிப்போம். கடைசி நாளில் எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒன்லைன் கடை, ஒரே சப்பாத்துப் படம். வீட்டுக்கு வந்து வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். ஒரு பட்டனைக்கூட நானாக வேலை செய்ய வைக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, வெப் பக்கங்கள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான ரியாக்டில் 2019இலேயே ஹூக்ஸ் என்ற புது எழுதும் முறை வந்துவிட்டது. எங்களுக்குச் சொல்லித் தந்தது அதற்கு முந்திய கிளாஸ் முறை. அது பழையது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குக்கூட எனக்கு அப்போது விளக்கம் இல்லை.

ஆகவே காசு கட்ட முதல் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ரியாக்ட் புரொஜெக்ட் தொடங்கும் கருவியாக 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்று போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். 2025 பெப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது, இப்போது அந்த வேலைக்குப் பெரும்பாலும் வீட் என்ற கருவிதான். அடிப்படை மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு கிழமை, ரியாக்டுக்கு எட்டுக் கிழமை என்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எழுதியதன் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பற்றிப் பேச்சே இல்லை என்றாலும் அப்படித்தான். கடைசியாக ஒன்று கேளுங்கள்: நான் எழுதுகிற நிரலை யார் வாசிப்பார்? இதற்கு நேராகப் பதில் வந்தால் கட்டலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, தகவல் தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் வேண்டுமென்றால் முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

என்னைத் தூக்கிவிட்டது இலவசமாகக் கிடைத்தவைதான். 2022 மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் ஞாபகம் இருக்கும். வீடியோ கோர்ஸ் எதுவும் அப்போது உதவவில்லை. டேட்டாவும் தின்னும், லப்டொப் பற்றரியும் தின்னும். எழுத்தில் இருக்கும் பாடம் என்றால் போனில் பக்கத்தைச் சேமித்து வைத்து இருட்டுக்குள் வாசிக்கலாம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் 'ஃபுல் ஸ்டாக் ஓப்பன்' அப்படியானது. சான்றிதழும் இலவசம். ஆனால் புதியவர்களுக்கு அது இல்லை, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் கேட்காமல் நேரே அதில் குதித்து இரண்டாம் பகுதியிலேயே மூச்சுத் திணறினேன். பிறகு ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசத் தளத்தில் பக்கங்களின் அடிப்படையான எச்டிஎம்எல்லில் இருந்து தொடங்கி, ஓடின் புரொஜெக்ட் என்ற இன்னொரு இலவசத் தளத்தின் அடிப்படைப் பகுதியை முடித்து, ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். மூன்றாம் பகுதியில் ஒரு தொலைபேசிக் குறிப்பேட்டுக்குச் சேர்வர் எழுதி இணையத்தில் ஏற்றச் சொல்வார்கள். அதை முடித்த இரவில்தான் பிரவுசர் ஒன்று கேட்கிறது, சேர்வர் ஒன்று பதில் தருகிறது என்பது எனக்கு உண்மையாக விளங்கியது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் இலவசமாக இணையவழி ஃபுல் ஸ்டாக் நெறி ஒன்று நடத்துகிறது, பைத்தான் என்ற நிரல் மொழியில் தொடங்கும். அதுவும் நல்லதுதான். இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள், இரண்டையும் வேண்டாம்.

ஆங்கிலம் பயம் என்று எழுதியிருந்தீர்கள். யூடியூப்பில் தமிழில் விளக்குபவர்கள் நிறையப் பேர், ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் பாருங்கள். ஆனால் பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். அதை முழுதாக வாசிக்கப் பழகினாலே போதும், இலக்கியம் ஒன்றும் தேவையில்லை.

அப்புறம், கோர்ஸ் சொல்கிற புரொஜெக்டோடு நிற்க வேண்டாம். எங்கள் மாமாவுக்கு உரக்கடை இருக்கிறது. விதைப்புக்குக் கடன், அறுவடைக்குக் காசு. அந்தக் கடன் கொப்பியை வெப் அப்ளிகேஷன் ஆக்கினேன். முதல் பதிப்பில் ஆளைப் பெயரால் தேடினேன். மூன்றாம் நாளே முரசுமோட்டைச் சின்னராசாவின் கடன் தருமபுரத்துச் சின்னராசாவின் தலையில் ஏறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனி இலக்கம் ஏன் வேண்டும் என்பது அன்றைக்குப் படித்தது. அடுத்து, மிச்சக் காசை மட்டும் எழுதி வைத்திருந்தேன். 'நான் தையில் ஐயாயிரம் தந்தனான்' என்று ஒருவர் வந்து நின்றபோது காட்ட ஒன்றுமில்லை. கொடுத்தது வாங்கியது ஒவ்வொன்றையும் தனி வரியாகப் பதிந்து, மிச்சத்தைக் கூட்டிக் கழித்து எடுக்க வேண்டும். மாமாவின் கொப்பி முப்பது வருடமாக அப்படித்தான் இருந்தது, நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

இன்னொன்று எந்தக் கோர்ஸிலும் வராது. ஜாவாஸ்கிரிப்டில் பெயர்களை வெறும் சோர்ட் கொண்டு அடுக்கினால் கனகம்மா முன்னே வருவார், கமலா பின்னே வருவார். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து இருப்பதுதான் காரணம்; நம் நெடுங்கணக்கில் அது கடைசி. லோக்கேல்கம்பேர் என்ற முறையைத் தமிழ் மொழிக்குறியோடு கொடுத்தால் கமலா முன்னுக்கு வந்துவிடுவார். மாமா பட்டியலைப் பார்த்துப் பிழை சொன்ன பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

கொப்பியை இணையத்தில் இலவசமாக ஓடவிடும் ஹோஸ்டிங்கில் போட்டதால் ஆள் வராத நேரம் சேர்வர் தூங்கிவிடும். காலையில் கடை திறந்ததும் மாமா போன் எடுப்பார்: 'டேய், உன்ர கொப்பி திறக்குதில்லையடா!' ஒரு நிமிசம் பொறுங்கோ மாமா என்பேன். வேலைக்கான நேர்முகத்தில் சான்றிதழை ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கொப்பியைத் திறக்கச் சொல்லி முக்கால் மணித்தியாலம் அதைப் பற்றியே கேட்டார்கள். அன்றைக்கும் அது திறக்க ஒரு நிமிசம் எடுத்தது. ஏன் என்று கேட்டார்கள், அதற்கும் பதில் தெரிந்திருந்தது.

இன்றைக்கே, நிரல்களை ஏற்றி வைக்கும் தளமான கிட்ஹப்பில் கணக்கு ஒன்று திறந்து, உங்கள் ஊரைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதி ஏற்றுங்கள். இணைப்பை எனக்கு அனுப்பினால் நிரலை வாசித்துச் சொல்கிறேன். இது அறுவடை நேரம், பதில் இரவில்தான் வரும்.