பாட்டி பூ கட்டும் படம்

கேள்வி: பாட்டி வாசல்படியில் அமர்ந்து மல்லிகை கட்டுவதைச் செல்போனில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வீட்டில் யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. என்ன குறை?
– வாசகி, கும்பகோணம்

பதில்: குறையைவிட நிறைவே அதிகம். வாசலிலிருந்து வரும் காலை வெளிச்சம் பாட்டியின் விரல்களில் விழுந்து, முகத்தின் ஒரு பாதியை நிழலில் விட்டிருக்கிறது. சுருக்கங்கள் அதனால்தான் உயிரோடு தெரிகின்றன. ஃபிளாஷ் போட்டிருந்தால் அத்தனையும் தட்டையாகிப் போயிருக்கும். வாழைநாரை இழுத்துப் பிடித்திருக்கும் அந்தக் கட்டைவிரலை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பாட்டியின் தலைக்குச் சற்று மேலே ஒரு காலண்டர் தொங்குகிறது. வெள்ளைத் தாள் என்பதால் கண் முதலில் அங்கே போய்விடுகிறது. ஓரடி நகர்ந்து நின்றிருந்தால் அது தூண் மறைவுக்குப் போயிருக்கும்.

பின்னணி சும்மா கிடக்கும் இடமல்ல. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் 1932இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். தேங்கிய நீரைத் தாண்டுகிறார் ஒருவர். குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. பின்னாலுள்ள சுவரொட்டியில் ஒரு நடனக்காரியும் அதேபோல் தாவுகிறாள்! வேலி இடுக்கு வழியே எடுத்த படம் அது. இடப்பக்கம் மறைத்த பகுதியைப் பிறகு வெட்டி நீக்கினார்கள்.

நீங்களும் மேற்பகுதியைப் பாட்டியின் நெற்றிவரை வெட்டிப் பாருங்கள். காலண்டர் போய்விடும், பூக்கூடையும் கைகளும் முன்னால் வந்துவிடும்.