தம்பியைப் பத்தாவதோடு நிறுத்தாதீர்கள்

மாயவரத்திலிருந்து எழுதிய அப்பாவுக்கு வணக்கம். குறுவை அறுப்பு முடிந்ததும் மூன்று மா நிலத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் பையனைப் பத்தாவதோடு நிறுத்திச் சென்னையில் டென்னிஸ் அகாடமியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். ஆடட்டும், ஆனால் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே ஆடட்டும்.

ஜூனியரில் கப் வாங்குகிறவன் பெரியவர்கள் ஆட்டத்திலும் அதே இடத்துக்கு வந்துவிடுவான் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. நம் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டிலும் ஜூனியர் பட்டம் வாங்கியவர். அவருக்கே பின்னால் எட்டிய உச்சம் உலகத் தரவரிசையில் 23. (அதுவே லேசுப்பட்ட காரியம் இல்லை, அது வேறு கதை.)

நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் சோம்தேவ் தேவ்வர்மன். சென்னையில் வளர்ந்தவர். பள்ளி முடித்து அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய், கல்லூரி அணிக்கு ஆடிக்கொண்டே சமூகவியல் படித்தார். 2007-ல் அங்கே தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம்; எதிரே கிட்டத்தட்ட ஏழடி உயர ஜான் இஸ்னர், அதுவும் இஸ்னருடைய சொந்தக் கல்லூரி ஊரில். சர்வீஸுக்குப் பேர்போன அந்த ஆளை மூன்று செட் வரை இழுத்து ஜெயித்தார், மறு வருஷமும் பட்டத்தை விடவில்லை. டிகிரி கையில் வந்த பிறகுதான் முழுநேரத் தொழில்முறை ஆட்டம். 2009 ஜனவரியில் சென்னை ஓப்பனில் வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துகிறவர்கள் தரும் இடம்) நுழைந்து, முன்னாள் நம்பர் ஒன் கார்லோஸ் மோயாவைத் தோற்கடித்து இறுதி ஆட்டம் வரை போனார். 2010 ஆசிய விளையாட்டில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம், 2011-ல் தரவரிசை 62. நடுவில் தோள்பட்டைக் காயம், 2017 தொடக்கத்தில் ஓய்வு. அப்போது வயது 31தான் சார், அதை யோசியுங்கள்.

இப்போதைக்கு தம்பி பதினொன்றாம் வகுப்பில் சேரட்டும். லீவு நாட்களில் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் வயதுப்பிரிவுப் போட்டிகளுக்கு அழைத்துப் போங்கள், அங்கே வெளியூர்ப் பிள்ளைகளோடு மோதும்போதுதான் நிலவரம் தெரியும். நன்றாக வந்தால் பிளஸ் டூவுக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகைக்கு முயலலாம். அதற்கு ஆட்டத்தோடு மதிப்பெண்ணும் ஆங்கிலமும் வேண்டும். வராவிட்டாலும் இங்கே பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அதனால் எந்தப் போட்டியில் கலந்துகொண்டாலும் சான்றிதழைக் கையோடு வாங்கி, ஒரிஜினலை லேமினேட் போடாமல் ஃபைலில் வைத்துவிடுங்கள்.